லேப்டாப் சார்ஜ் ஏறவில்லையா? 'போர்டு போச்சு' என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

8,500 ரூபாய். சார்ஜர் வயரில் இருந்த கோளாறுக்கு, லேப்டாப்புக்குள் இருக்கும் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி என்னிடம் வாங்கிய பணம். நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைப் போட்டாக வேண்டும். 11ஆம் தேதி காலை பார்த்தால் பேட்டரி 34 சதவீதத்திலேயே நிற்கிறது. 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டுகிறது. சொருகியிருக்கும்வரை லேப்டாப் ஓடுகிறது, பிடுங்கினால் பேட்டரி இறங்குகிறது, மறுபடி ஏறுவதே இல்லை. ஆன் செய்யும்போது கருப்புத் திரையில், அடாப்டர், அதாவது சார்ஜர், என்ன வகை என்று தெரியவில்லை என ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அவசரத்தில் ஒரு பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவேன்.

எடுத்துக்கொண்டு போனது, எல்லாக் கம்பெனி லேப்டாப்பும் பார்க்கிற ஏசி போட்ட ஒரு சர்வீஸ் கடைக்கு. பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் என் கண் முன்னாலேயே சார்ஜர் முனையில் மீட்டரை வைத்தான். 19.5 வோல்ட் காட்டியது. "பாருங்கக்கா, சார்ஜர் பக்காவா இருக்கு. வேற ஒருத்தனா இருந்தா உங்க தலைல புது சார்ஜரக் கட்டியிருப்பான்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். அப்புறம் உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் வந்து, போர்டில் சார்ஜிங் ஐசி (சார்ஜ் ஏற்றுவதைக் கவனிக்கும் சிப்) எரிந்துவிட்டது, மாற்ற 8,500 ஆகும், இரண்டு நாளில் தருகிறோம் என்றான். ஜிபேயில் முழுப் பணமும் அனுப்பினேன்.

இரண்டு நாள் ஏழு நாள் ஆனது. 18ஆம் தேதி போனபோது கடை சார்ஜரைச் சொருகிக் காட்டினார்கள். 96, 97 என்று ஏறியது. என் சார்ஜர் பைக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துச் சொருகிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே!

ஏறியிருந்த சார்ஜில் 3பி எல்லாம் போட்டு முடித்தேன். அன்று இரவு என் சார்ஜரைப் போட்டால், மறுபடி அதே கதை. போன் செய்தேன். "விண்டோஸ் அப்டேட் ஆயிருக்கும், ரீஸ்டார்ட் பண்ணுங்கக்கா." மறுநாள், "பேட்டரியும் வீக்கா இருக்கும், 4,200 ஆகும்." அதற்கும் மறுநாள், டெக்னீஷியன் லீவாம். பிறகு போனையே எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 8,500 வாங்கும்போது வாய் ஓயாமல் அக்கா, அக்கா என்று கூப்பிட்ட அதே பையன்.

நேற்று இரவு எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் அவன் சார்ஜரைக் கொண்டுவந்தான், என்னுடையதைப் போலவே. சொருகியதும் ஏற ஆரம்பித்தது. இந்த வகை சார்ஜரின் முனை நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய பின் இருக்கிறது. கரண்ட் அதன் வழியாக வருவதில்லை. 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. வளைந்து வளைந்து உள்ளே அந்த மெல்லிய வயர் அறுந்துவிட்டால் 19.5 வோல்ட் சரியாக வரும், லேப்டாப்பும் ஓடும், ஆனால் சார்ஜரை அடையாளம் தெரியாததால் பேட்டரியை ஏற்றாது. மீட்டரில் வோல்ட் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. தொழில் செய்கிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இன்று காலை வேறொரு பெரியவரிடம் காட்டினேன். ஒற்றை மேஜை போட்டு வேலை பார்ப்பவர். அடிமூடியைக் கழற்றி, விளக்கைப் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். ஐசியைச் சுற்றி நாலு வருஷத்துத் தூசி அப்படியே படிந்திருக்கிறது. "ஐசிய மாத்தச் சூடு வச்சிருந்தா இந்தத் தூசி இப்படி இருக்காதும்மா" என்றார். கடைக்காரர்கள் ஐசியைத் தொடவே இல்லை. அடிமூடியில் ஒரு திருகாணி வேறு குறைகிறது. அவர் காசு வாங்கவில்லை. புது சார்ஜர் 1,900.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்: ஆன் செய்யும்போது வரும் வரியைப் படியுங்கள். அதே வகை சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். 60, 80 சதவீதத்தில் நின்றால் பேட்டரியைக் காக்கும் செட்டிங் ஆனில் இருக்கலாம், அது கோளாறே இல்லை. திரும்ப வாங்கும்போது உங்கள் சார்ஜரில் சோதியுங்கள். கழற்றிய பழைய ஐசியைக் கையில் கேளுங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள்.

எனக்குத் தந்தது 'சர்வீஸ் 8,500' என்று பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு. அதையும் ஜிபே விவரத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். நாளை கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன்.