விறகா, பெல்லட்டா: வீட்டைச் சூடாக்க எந்த அடுப்பு?

குளிர் கடுமையான இடத்தில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைச் செப்பனிடுகிறவர்களும் தடுமாறும் கேள்வி இது. பிளந்த விறகை எரிக்கும் மூடிய இரும்பு அடுப்பை வாங்குவதா, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகளை எரிக்கும் அடுப்பை வாங்குவதா? நான் விறகு அடுப்பை வைத்துக் குளிர்காலம் கழிப்பவன். சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். பெல்லட் அடுப்பை உறவினர் வீட்டில் தங்கும்போது பார்த்துப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த அளவுக்குத்தான் அதைப் பற்றிய என் பேச்சுக்கு எடை.

சுவரோடு கட்டிய திறந்த கணப்பை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம். அதில் எரியும் விறகின் சூட்டில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்குதான் அறைக்குள் தங்கும். மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடும். நல்ல மூடிய விறகு அடுப்பு 70 முதல் 80 பங்கு வரை தரும். பெல்லட் அடுப்பு இன்னும் மேலே, 85, 90 வரைகூடப் போகும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பெல்லட் அடுப்பில் 20 டிகிரி என்று வைத்தால் அறை 20 டிகிரியிலேயே நிற்கும். விறகு அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே எழுந்துபோய்க் கட்டை போட வேண்டும். கரண்ட் போனால் பெல்லட் அடுப்பு நின்றுவிடும், விறகு அடுப்பு நிற்காது. பெல்லட்டில் விசிறிச் சத்தம் உண்டு. விறகில் சிராயும் பட்டைத் தூளும் தரையெங்கும் விழும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. இரண்டுக்கும் வேலை உண்டு, ஆனால் அது வேறு வேறு வகையான வேலை.

பெல்லட் அடுப்பு ஒரு இயந்திரம். பெட்டியில் கொட்டிய குச்சிகளை ஒரு திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எரிகலத்துக்குத் தள்ளும், சூடேறும் கம்பி பற்றவைக்கும், ஒரு விசிறி புகையை வெளியே இழுக்கும், இன்னொன்று வெப்பத்தை அறைக்குள் ஊதும், எல்லாவற்றையும் ஒரு மின்பலகை கவனித்துக்கொள்ளும். எரிகலத்தை அடிக்கடி சுரண்ட வேண்டும். மட்டமான பெல்லட் என்றால் சாம்பல் உருகிக் கட்டிதட்டிக் காற்றுத்துளைகளை அடைக்கும். பை நனைந்தால் குச்சிகள் ஊதி மீண்டும் மரத்தூளாகிவிடும், அது திருகுத்தண்டில் போய்ச் சிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வந்து பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த ஆள் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. கிடைக்காத இடத்தில், கடுங்குளிரின் நடுவில் பற்றவைக்கும் கம்பி போய்விட்டால், உதிரிபாகம் வரும்வரை குளிரில்தான் இருக்க வேண்டும்.

விறகு அடுப்பில் அசையும் பாகம் என்றால் கதவும் காற்று அடைப்பானும்தான். கதவைச் சுற்றியுள்ள கயிற்று அடைப்பு தளர்ந்தால் நீங்களே மாற்றலாம். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்ளே பதித்த செங்கற்கள் விரிசல்விட்டு உதிர்ந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைக்க வேண்டும். அடுப்போடு முடியும் வேலை இவ்வளவே. மீதி உழைப்பு முழுவதும் விறகைக் காயவைப்பதில் இருக்கிறது. விறகு அடுப்பு பிடிக்கவில்லை என்று விற்றுவிட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் ஈர விறகு பற்றிய குறையைத்தான் சொல்வார்கள்.

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். எரிக்கத் தகுந்த விறகில் அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 4 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் தரும். பச்சை விறகு 2 யூனிட்டுக்குச் சற்று மேலே. தண்ணீரை ஆவியாக்கப் போகும் வெப்பம்கூட இங்கே பெரிய நஷ்டம் இல்லை, எரியாமல் போகும் வாயுதான் பெரிய நஷ்டம். மரத்தை எடுத்துக்கொண்டால், அதன் எடையில் முக்கால்வாசிக்கு மேல் சூட்டில் வாயுவாகத்தான் பிரிகிறது. கரியாக நிற்பது கொஞ்சம். அந்த வாயு முழுசாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஈர விறகு போட்டால் அடுப்பு அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத வாயு புகையாகப் போய், புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் பிசுபிசுவென்று தாராகப் படியும். அது தடித்து, என்றைக்காவது ஒரு நல்ல தீயில் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடிக் கதவு அடிக்கடி கறுத்துப்போகிறதா? முதலில் விறகைச் சந்தேகப்படுங்கள், அடுத்து காற்றை.

காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஈரமானி போதும். ஆனால் கட்டையின் வெட்டுமுனையில் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் முனைதான் முதலில் காய்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. இந்தக் கருவிகளில் பல, ஈரத்தை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன. விறகுக்குச் சொல்லும் 20 சதவீதம் மொத்த எடையில் கணக்கிட்டது. கருவியில் 25 என்று வந்தால் அது நமக்கு 20.

கருவியே இல்லாமலும் பார்க்கலாம். அடுக்கும்போது ஒரு துண்டை எடைபோட்டு, எடையை அதன் மேலேயே எழுதிவையுங்கள். பாதி ஈரமுள்ள 2 கிலோ துண்டு 1.25 கிலோவுக்கு இறங்கினால் தயார். அந்த ஒரு துண்டிலிருந்து மட்டும் முக்கால் லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று நினைக்கும்போதுதான் காற்றோட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். தரையிலிருந்து தூக்கி அடுக்க வேண்டும், மேலே மட்டும் மூட வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளேயே கிடந்து பூஞ்சை பிடிக்கும். பைன் போன்ற மென்மரம் நன்றாகப் பிளந்து வைத்தால் ஓராண்டில் காய்ந்துவிடும். ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் கொடுங்கள். கட்டைக்குக் கட்டை மோதினால் காய்ந்தது "டங்" என்று கேட்கும், ஈரமானது "தொப்" என்று விழும். பழகிய காதுக்கு அதுவே போதும்.

இதைச் சலிப்பாகச் சொல்வார்கள். எனக்கு இது பிடித்த வேலை. அடுத்த குளிர்காலத்துக்கான சூடு வீட்டுக்கு வெளியே அடுக்கி நிற்பதைப் பார்க்கும் நிம்மதி ஒரு மூட்டை பெல்லட்டில் எனக்குக் கிடைக்காது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், முதுகு ஒத்துழைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பெல்லட்டே சரி. நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே, எப்போதும் ஒரே தரம்.

வீடுகள் நெருக்கமாக உள்ள தெருவில் நான்கூட விறகைப் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு காய்ந்த விறகானாலும் நுண்துகள் புகை வெளியேறத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். பெல்லட்டில் அது குறைவு. மின்சாரம் நம்பகமாக இருந்து, வீட்டின் சுவரும் கூரையும் சூட்டைப் பிடித்துவைக்கும் என்றால் ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் கருவி) இரண்டையும் மிஞ்சும்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம், புகையும் இல்லை.

விறகுதான் என்று முடிவு செய்தவர்கள் பெரிய அடுப்பாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அறையின் கன அளவை மீட்டரில் கணக்கிட்டு 14ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பது சுமாராகத் தெரியும். 50 கன மீட்டர் அறைக்கு மூன்றரை கிலோவாட் போதும். மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான காய்ந்த விறகு அதைத் தந்துவிடும். அதே அறையில் 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் வெக்கை தாங்காமல் காற்றை அடைப்பீர்கள். தீ மங்கிப் புகையும், அதே தார் படியும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கை மணி ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள், பெல்லட் வைத்தாலும்கூட. அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். அதனுள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அப்புறம், அடுப்பை வாங்குவதற்கு முன்பே விறகு வாங்கி அடுக்கிவிடுங்கள். முதல் குளிர்காலத்துக்குச் சூளையில் உலர்த்திய விறகு வாங்கலாம், ஆனால் இறக்கும்போதே ஒரு கட்டையைப் பிளந்து ஈரமானியால் குத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.