பற்றவைப்பதா, மாற்றுவதா? பழைய மாருதி 800-க்கு எந்த ரேடியேட்டர்?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவதைத் தாண்டும்போது என் மாருதி 800-இன் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. காரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஐந்து ஆண்டுகளாக வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றி வந்தேன். சேலத்துப் பட்டறையில் ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்தபோது, வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதுபோல் குழாய் வாய்களில் உப்பு கெட்டியாக அடைத்திருந்தது.

இருந்தது பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர். அதைச் சுத்தம் செய்து பற்றவைப்பதா, அலுமினியத்தில் புதிதாக வாங்குவதா என்று பட்டறையிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. 1983 முதல் 2014 வரை தயாரான கார் இது. இரண்டு வகையும் கடைகளில் கிடைக்கின்றன. எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு முன்னால், குற்றவாளி ரேடியேட்டர்தானா என்று பார்த்துவிட வேண்டும். தாம்பரம் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் ஓடினால் தணிகிறது என்றால் பெரும்பாலும் ஃபேனிலோ அதன் சுவிட்சிலோதான் கோளாறு. குறுக்குவாட்டில் வைத்த இன்ஜின் என்பதால் இதில் ஃபேன் மின்சாரத்தில் சுழல்கிறது. ஒரு ஒயர் கழன்றாலே போதும், நின்றுவிடும். மாறாக மேட்டிலும் வேகத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது மெக்கானிக்குகள் ‘வாட்டர் பாடி’ என்று சொல்லும் தண்ணீர் பம்ப். மூடியையும் சந்தேகிக்கலாம். அதில் 0.9 (பார்) என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதலான அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். விலையில் மிகச் சிறிய சாமான் அதுதான்; கடைசியாக மாற்றப்படுவதும் அதுதான்.

செம்புக் கட்சியின் வாதம் எளிது: செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். உண்மைதான். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஆனால் இந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. செம்பு ரேடியேட்டரில் குழாயையும் தகட்டையும் சேர்ப்பது ஈயப் பற்று. அது செம்பைப்போல் வெப்பத்தைக் கடத்தாது. அலுமினியமோ செம்பின் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லாதது. ஆகவே எடை கூடாமல் குழாயை அகலமாகச் செய்ய முடிகிறது, தகடுகளை உலையிலேயே ஒட்டவைக்கிறார்கள். முடிவில் சிறிய கார் ஒன்றில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. உலோகத்தை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

வித்தியாசம் பழுது வரும்போதுதான் தெரியும். செம்பில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். அடைத்துக்கொண்டால் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி எடுக்கலாம். ‘ராடு அடிப்பது’ என்பார்கள். மோசமாகிவிட்டால் நடுவில் இருக்கும் ‘கோர்’ என்ற குழாய்த் தொகுதியை மட்டும் மாற்றலாம். அலுமினியத்துக்கு மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து அது ஒருநாள் விரிசல் விடும். எபாக்சி பசை பூசி வீடு வந்து சேரலாம், அதற்குமேல் நம்ப முடியாது. முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

இப்படிப் பார்த்தால் செம்புதான் வென்றிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ராடு அடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. தெரியாதவர் கம்பியை அழுத்திக் குத்தினால் மெல்லிய குழாய் பிளக்கும். பிளந்த குழாயை இரு முனையிலும் ஈயத்தால் மூடிவிடுவார்கள். கசிவு நிற்கும், ஆனால் தண்ணீர் ஓடும் வழிகளில் ஒன்று போய்விடும். என்னுடையதில் அப்படி ஏற்கெனவே நான்கு குழாய்கள் மூடிக் கிடந்தன. யாரோ மஞ்சள்தூள் போட்ட தடயமும் இருந்தது. நடுவழியில் கசிவை நிறுத்த நம் ஓட்டுநர்களுக்குத் தெரிந்த பழைய வைத்தியம் அது. கசிவை அடைக்கும் அதே மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கை தேர்ந்த பற்றவைப்பாளர் பக்கத்தில் இருந்து, ‘கோர்’ பகுதியும் கெடாமல் இருந்தால் செம்பை விடாதீர்கள். இல்லையென்றால் புதிய அலுமினியம். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழையதை வாங்குவது மட்டும் வேண்டாம். அடுத்தவர் ஊற்றிய உப்பையும் சேர்த்து வாங்குவீர்கள்.

பட்டறையில் இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: “நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றிவிடலாம் சார்.” இதற்கு நான் உடன்படவில்லை. சுமார் 82 டிகிரியில் மெழுகு உருகி, இன்ஜின் தண்ணீருக்கு ரேடியேட்டர் பக்கம் வழிவிடும் சிறிய வால்வு அது. கழற்றிவிட்டால் இன்ஜின் உரிய சூட்டை எட்டவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகும், உள்ளே தேய்மானமும். பழுதானதைக் கழற்றலாம், அந்த இடத்தில் புதியது வர வேண்டும். அடைத்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டு வால்வைக் கழற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது.

தண்ணீரா கூலன்ட்டா என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரர். கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் பாதி கலந்தால் அந்தத் திறன் சற்றுக் குறைகிறது. ஆனாலும் கூலன்ட்டே சரி, ஏனென்றால் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. இன்ஜின் ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பு என்று இரு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனையும் காரில் அந்த மருந்து இன்னும் அவசியம். நிறத்தை நம்ப வேண்டாம், அது வெறும் சாயம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

நான் அலுமினியமே போட்டேன். கழற்றிய செம்பை எடைக்குப் போட்டதில் புதிய மூடியும் இரண்டு ஹோஸ் கிளிப்பும் வாங்கும் அளவுக்குக் காசு கிடைத்தது. ஊற்றும்போது மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் ஒருமுறை சுழன்று நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டோம். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, அரை லிட்டருக்குமேல் இன்னும் உள்ளே போனது. உள்ளே காற்று நின்றுவிட்டால் புது ரேடியேட்டரும் பழையதைப்போலவே கொதிக்கும் என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டே கீழ் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்த்தார், இன்னும் இரண்டு குமிழி வந்தது.