துரை பங்களா சைட்போர்டு: வாங்கலாம், கதையை நம்ப வேண்டாம்

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் பழைய தளவாடம் விற்கும் கடையொன்றில் ஒரு சைட்போர்டு, அதாவது சாப்பாட்டறையில் வைக்கும் பாத்திர அலமாரி, வாங்கினேன். 2,400 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள், பேசிப் பேசி 1,900க்கு முடிந்தது. அந்த விலைக்குத் தாராளமாகத் தகும்.

ஏதோ ஒரு தோட்டத்து மேனேஜர் பங்களாவில் இருந்ததாம். அதை நம்பலாம். "இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது சார், புரூஸ் டால்பர்ட் கையாலேயே செஞ்சது" என்றாரே கடைக்காரர், அங்கேதான் சிரிப்பு வந்தது. 1838இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் பிறந்த டால்பர்ட் இளவயதில் மரச்செதுக்கு வேலை பழகியவர்தான். ஆனால் பேர் எடுத்தது தளவாடங்களுக்குப் படம் வரைந்து கொடுத்து. ஹாலண்ட், கில்லோ போன்ற கம்பெனிகளின் பட்டறைகளில் அந்தத் தளவாடங்களைச் செய்தார்கள். என் அப்பா தோட்டத்து ஆசாரி. மரம் பார்க்க எனக்குத் தெரியும். கீழறையின் பின்பலகை அசல் செங்கால், நம்ம மலேசியக் காட்டில் வளரும் கடின மரம். இங்கிலாந்தில் ஏது செங்கால்? படத்தைப் பார்த்து நம்ம பக்கத்துத் தச்சர் யாரோ செய்திருக்கிறார். எனக்கு அதனாலேயே கூடுதலாகப் பிடித்துப்போனது.

விக்டோரியா காலத்துச் சைட்போர்டு என்றால் செத்த மானும் திராட்சைக் கொத்துமாகப் புடைத்து நிற்குமே, அந்த ரகமில்லை இது. டால்பர்ட் பாணியில் செதுக்கல் ஆழமில்லாமல் பலகையோடு பலகையாகப் படிந்திருக்கும். கதவுச் சட்டம் நெடுக முக்கோண வெட்டு. மேல்தட்டில் சுண்டுவிரல் பருமனுக்குக் கடைந்த குட்டித் தூண்கள். பித்தளைக் கீல் கதவின் பாதி தூரம் நீண்டு கிடக்கிறது. செங்காலில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். அப்படியும் வெட்டின் முனைகளில் ஒரு பிசிறு இல்லை!

கடைக்காரர் செய்த பாவம், வார்னிஷ். பிசினும் வார்னிஷும் டால்பர்ட்டுக்கே ஆகாது, பொருத்துகள் வெளியே தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கேயோ பளபளப்புக்காக வாளியோடு ஊற்றியிருக்கிறார்கள் போல. பள்ளமெல்லாம் தேன் நிறத்தில் கட்டிக் கிடக்கிறது. தின்னரும் பழைய பல் துலக்கியுமாக ஒரு கதவைத்தான் இதுவரை மீட்டிருக்கிறேன். இடது இழுப்பறையும் இறுகிக்கொண்டது. மெழுகு தேய்த்ததும் சரியாகிவிட்டது.

லோரிக் கூலி தனி, அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ரெண்டு பையன்களை அனுப்பினார்கள். செங்கால் கனத்துக்கு அது எந்த மூலைக்கு? பக்கத்து வீட்டு அண்ணன்மார் வந்துதான் படியேற்றினார்கள்.

கடையின் பின்கட்டில் இன்னும் சாமான்கள் கிடக்கின்றன. வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே கேட்டு வாங்கினால் விலையும் குறைப்பார்.