'ஆதிக் கோஸ்' டிஷ்யூ கல்ச்சர் நாற்று: என் அரை மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது உஷார்

நான் ஏமாந்தது நேற்று மாலைதான் உறுதியானது. இன்னும் ஆறவில்லை, அதனால் முன்னபின்ன எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபூர்வச் செடிகளை ஆன்லைனில் விற்கும் ஒரு கடை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூல்கோல் எல்லாவற்றுக்கும் மூதாதையான காட்டுக் கோஸ் தங்களிடம் இருப்பதாகவும், அதிலிருந்து டிஷ்யூ கல்ச்சரில் (செடியின் சிறு திசுவைக் குடுவையில் வைத்து வளர்க்கும் முறை) எடுத்த நாற்று என்றும் விளம்பரம். 20 நாற்று, என் அரை மாதச் சம்பளம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இவை எல்லாமே பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனம் என்றார் கடைக்காரர். தேடினேன், சரி. இவற்றுக்கு நெருங்கிய காட்டு உறவு ஏஜியன் கடல் பக்கத்து பிராசிக்கா கிரெட்டிகா என்று 2021-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது என்றார். அதுவும் சரி. இவ்வளவு தெரிந்தவர் நாற்றிலா பொய் சொல்லப்போகிறார் என்று நம்பினேன். அங்கேதான் விழுந்தேன். "ஹார்டனிங் முடிந்ததா?" என்று கேட்டேன், அதாவது குடுவை நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்கியாயிற்றா என்று. "முடிஞ்சதுங்க, நேரா மண்ணுல வைக்கலாம்." இரண்டே நிமிடத்தில் பதில். உடனே பணத்தை அனுப்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால் வேரில் அகார் ஜெல்லி (குடுவையில் மண்ணுக்குப் பதில் போடுவது) அப்படியே ஒட்டியிருக்கிறது. இலை கண்ணாடி மாதிரி, தொட்டாலே நசுங்குகிறது. குடுவையின் ஈரக்காற்றில் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளும் ஒழுங்காக மூடாது. மூடி போட்டு வைத்து, சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். அதை இவர்கள் செய்யவே இல்லை. மூன்றாம் நாளே 17 நாற்று சுருண்டுவிட்டது.

கேட்டால், "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க." அப்புறம், "கூரியர்காரன் தாமதம்." அப்புறம் பதிலே இல்லை.

மிஞ்சிய மூன்றையும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். நேற்று மூன்றிலும் நடு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து உருண்டை கட்டுகின்றன. காட்டுக் கோஸ் இப்படி உருண்டை கட்டாது! சாதாரண முட்டைக்கோஸ். வேறு எண்ணிலிருந்து படம் அனுப்பினேன். "டிஷ்யூ கல்ச்சர்ல இப்படி மாறுறது சகஜம்ங்க" என்கிறார். அந்த முறையில் சில செடி மாறிப்போவது உண்டுதான். மூன்றும் ஒன்றுபோல முட்டைக்கோஸாக மாறுமா? எந்தச் செடியிலிருந்து திசு எடுத்தார்களோ அதன் நகல்தான் வரும். அந்த எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தாய்ச்செடி பூத்திருக்கும் படம் கேளுங்கள். நாற்று மண் கலவையில் எத்தனை வாரம் இருந்தது என்று கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். காட்டுக் கோஸ் விதையிலேயே வளரும், அதற்குக் குடுவை நாற்று தேவையே இல்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அரை மாதச் சம்பளம் என் கையில் இருந்திருக்கும்.