வீட்டுக் கணினியை மாற்றும்போது மின்னஞ்சல்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்ட பிறகு, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி முதல் அக்கரைப்பற்று வரை பரந்திருக்கும் எங்கள் உறவினர் வீடுகளில் மட்டும் மூன்று கணினிகள் மாற்றப்பட்டன. மூன்று வீடுகளிலும் படங்களும் ஆவணங்களும் பென் டிரைவில் ஏறிச் சிரமமின்றிப் புதிய கணினிக்கு வந்து சேர்ந்தன. மூன்று வீடுகளிலும் இடறியது மின்னஞ்சல்தான். படங்கள் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிவர். மடல்கள் வன்தட்டின் எந்த மூலையில் இருக்கின்றன, அல்லது வன்தட்டில்தான் இருக்கின்றனவா என்பதை யாரும் தேடிப் பார்த்ததில்லை.

களுவாஞ்சிகுடியில் வசிக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். 2008 முதல் தண்டர்பேர்ட் மென்பொருளிலேயே மடல்களைப் படித்து வருகிறார். கனடாவிலுள்ள மகளின் கடிதங்கள், காணி உறுதியின் ஸ்கான் பிரதிகள், ஓய்வூதியம் தொடர்பான கடிதப் போக்குவரத்து எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் கணினியை ஃபோர்மட் செய்யக் கொடுத்தபோது, கடைக்காரர் டெஸ்க்டொப்பையும் டொக்யுமென்ட்ஸையும் ஒழுங்காகப் பிரதியெடுத்துத் தந்தார். மடல் ஒன்றுகூட வரவில்லை. அவர்மேல் பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. தண்டர்பேர்ட் தன் மடல்களை வைத்திருப்பது ஆப்டேட்டா என்ற மறைக்கப்பட்ட கோப்புறையின் உள்ளே, ரோமிங் என்ற பிரிவில். பழைய வன்தட்டை அழிக்காமல் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவியிருந்ததால்தான் அன்று அந்த மடல்கள் தப்பின.

ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன், மடலின் மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொப்3 முறையில் இயங்கும் கணக்கில் மடல்கள் சேவையகத்திலிருந்து கணினிக்கு இறக்கப்படுகின்றன. சேவையகத்திலும் ஒரு பிரதியை விட்டுவைக்கும்படி மென்பொருளில் குறித்திருந்தாலன்றி, அங்கே அவை அழிக்கப்பட்டுவிடும். ஐமேப் முறையில் மூலப்பிரதி சேவையகத்திலேயே தங்குகிறது. கணினியில் இருப்பது அதிலிருந்து எடுத்த பிரதி. பத்து ஆண்டுகளுக்கு முந்திய மடல் ஒன்றைக் கைத்தொலைபேசியின் உலாவியில் தேடிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அங்கே அந்த மடல் இல்லையென்றால், அதன் ஒரே பிரதி உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

புரொஃபைல் கோப்புறையை அப்படியே பெயர்த்தல்

புரொஃபைல் என்பது தண்டர்பேர்ட் உங்கள் மடல்களையும் அமைப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் கோப்புறை. தண்டர்பேர்ட் பயன்படுத்துவோருக்கு என் முதல் தெரிவு இதுவே. உதவிப் பட்டியலிலிருந்து பிழைத்தீர்வுத் தகவல் பக்கத்துக்குச் சென்றால், புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் அங்கே இருக்கும். அந்தக் கோப்புறைக்குள் மெயில் என்ற பிரிவில் பொப்3 மடல்களும் உள்ளூர்க் கோப்புறைகளும், ஐமேப்மெயில் என்ற பிரிவில் ஐமேப் கணக்குகளின் பிரதிகளும் இருக்கின்றன. இன்பொக்ஸ் என்ற பெயரில், பின்னொட்டு ஏதுமின்றி, பல ஜிபி பருமனில் கிடக்கும் கோப்புத்தான் மடல்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்ட எம்பாக்ஸ் கோப்பு. அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருக்கும் சிறிய கோப்பு வெறும் அட்டவணைதான். அது கெட்டுப்போனால் தண்டர்பேர்ட் தானே மீண்டும் கட்டிக்கொள்ளும்.

இந்த வழியின் பலம் அதன் முழுமை. முகவரிப் புத்தகம், வடிகட்டி விதிகள், கணக்கு அமைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள் என எல்லாமே கோப்புறையோடு சேர்ந்து வருகின்றன. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறினாலும் வருகின்றன. புதிய கணினியில் புரொஃபைல் நிர்வாகியைத் திறந்து, புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கும்போது, பிரதியெடுத்து வந்த கோப்புறையையே அதன் இருப்பிடமாகக் காட்டிவிட வேண்டும். பழைய கோப்புகளைப் புதிய புரொஃபைலின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டுவதைவிட இது பாதுகாப்பானது.

சில கவனங்கள் உண்டு. பிரதியெடுக்கும்போது தண்டர்பேர்ட் இரண்டு கணினிகளிலும் மூடியிருக்க வேண்டும். புதிய கணினியில் நிறுவும் பதிப்பு பழையதற்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். நீக்கிய மடல்கள் எம்பாக்ஸ் கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கும் என்பதால், பெயர்ப்பதற்கு முன் கோப்புறைகளைச் சுருக்கும் கட்டளையைக் கொடுத்துவிடுவது நல்லது. பெரியப்பாவின் இன்பொக்ஸ் 8 ஜிபியிலிருந்து 6 ஜிபிக்கு இறங்கியது அந்த ஒரு கட்டளையால்தான். 102ஆம் பதிப்பிலிருந்து கருவிகள் பட்டியலில் ஏற்றுமதி என்ற வசதியும் இருக்கிறது. ஆனால் அது 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொஃபைலை ஜிப் கோப்பாக்கித் தராது, கைமுறையாகப் பிரதியெடுக்கச் சொல்லும்.

கடவுச்சொற்களும் கூடவே வருவது வசதி என்று சொன்னேன், ஆபத்தும் அதுவே. முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை நீங்கள் வைத்திருக்காவிட்டால், அந்தப் பென் டிரைவ் யார் கையில் கிடைத்தாலும் அவர் உங்கள் கணக்குகளைத் திறந்துவிடலாம். கடையில் அச்செடுக்கக் கொடுக்கும் பென் டிரைவிலேயே இதையும் ஏற்றி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐமேப்: பெயர்ப்பதற்கு நல்லது, பாதுகாக்கப் போதாது

ஜீமெயில் போன்ற கணக்கை ஐமேப்பில் வைத்திருப்பவருக்குப் பெயர்க்கும் வேலை ஏறக்குறைய இல்லை. புதிய கணினியில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் மடல்கள் வந்துவிடும். கடந்த மாதம் கல்முனையில் அக்கா வீட்டில் நான் செய்தது அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஆனால் அதைக் காப்புப் பிரதி என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தது பிழை. ஒரு கணினியில் நீக்கிய மடல் சேவையகத்திலும், அதனோடு மற்றக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நீங்கிவிடுகிறது. சின்ன மகன் ஒரு கோப்புறையைத் தவறுதலாக நீக்கினால், மூன்று கருவிகளிலும் அது ஒரே நாளில் காணாமற்போகும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையையும் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் பழைய முகவரிகளை நினைத்துப் பார்த்தால் இது சிறிய விடயமன்று.

ஐமேப்பை ஒரு பாலமாகவும் பயன்படுத்தலாம். பழைய கணினியில் உள்ள உள்ளூர் மடல்களை இழுத்து ஐமேப் கணக்கின் கோப்புறையில் விட்டால் அவை சேவையகத்துக்கு ஏறி, புதிய கணினியில் தாமே இறங்கும். சிறிய அளவுக்கு இது அழகான வழி. பெரியப்பாவின் 6 ஜிபிக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். தரவேற்றும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்று கொண்டால், இடைவிடாமல் ஓடினாலும் 6 மணி 40 நிமிடம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் எந்த மடல் ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாமல் இரட்டைப் பிரதிகள் சேரும். அதைவிடப் பெரிய தடை, ஐமேப் வழியாக ஜீமெயிலுக்கு ஏற்றும் தரவுக்கு நாளொன்றுக்கு 500 எம்பி என்று கூகுள் வரம்பு வைத்திருப்பது. அந்தக் கணக்கில் பன்னிரண்டு நாட்களுக்குக் குறையாது. போதாததற்கு, இலவசக் கணக்கின் 15 ஜிபி இடத்தை மடல்கள் மட்டுமல்ல, டிரைவ் கோப்புகளும் கூகுள் ஃபோட்டோஸ் படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அது நிரம்பினால் புதிய மடல்களே வராது.

டேக்அவுட்

ஜீமெயில்காரர்களுக்கு ஐமேப்பின் குறையை நிரப்புவது கூகுளின் டேக்அவுட் சேவை. முழுக் கணக்கையும் எம்பாக்ஸ் கோப்பாகக் கட்டி, நீங்கள் தெரிவுசெய்யும் அளவில் துண்டுகளாக்கி, தரவிறக்க இணைப்பை மடலில் அனுப்பிவைக்கும். இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரத்தில் காலாவதியாகும் என்பதால், வேகமான இணைப்பு கிடைக்கும் நாளைப் பார்த்துக் கோருவது நல்லது. துண்டின் அளவை 2 ஜிபி என்று வைத்துக்கொள்ளும்படி எங்கள் வீட்டாருக்குச் சொல்வேன்; இடையில் அறுந்தாலும் ஒரு துண்டை மட்டுமே மீண்டும் இறக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பதில் இது ஐமேப்பை வெல்கிறது. மீளப் பெறுவதில் தோற்கிறது. கிடைத்த கோப்பை ஜீமெயிலுக்குள் நேரே திருப்பி ஏற்றும் பொத்தான் எதுவும் இல்லை. தண்டர்பேர்ட்டை மூடிவிட்டு, அந்தக் கோப்பை அதன் உள்ளூர்க் கோப்புறைகளுக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். எல்லா மடல்களையும் ஒன்றாகக் கேட்டால் நீங்கள் இட்ட லேபல்கள் ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் ஒரு வரியாக மட்டுமே எஞ்சும், தண்டர்பேர்ட் அவற்றைக் கோப்புறைகளாகப் பிரித்துத் தராது. முக்கியமான லேபல்களைத் தனித்தனியே தெரிவுசெய்து கேட்டால் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக வரும்.

அவுட்லுக்கின் பிஎஸ்டி

அலுவலகப் பழக்கத்தால் வீட்டிலும் அவுட்லுக் வைத்திருப்போர், அது மடல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி என்ற கோப்பைப் பிரதியெடுத்து, புதிய கணினியின் அவுட்லுக்கில் திறந்தால் மடல்களோடு நாட்காட்டியும் தொடர்புகளும் வந்துவிடும். ஒரே கோப்பு என்பதால் இது கைக்கு மிக எளிது. கணக்கு அமைப்புகள் மட்டும் வராது. மூன்று பொறிகள் உள்ளன. கணினியில் இருப்பது ஓஎஸ்டி கோப்பு, அதாவது சேவையகத்திலுள்ள மடல்களின் உள்ளூர்ப் பிரதி என்றால் அதைச் சுமந்து செல்வதில் பயனில்லை, வேறு கணினியின் அவுட்லுக் அதைத் திறக்காது. 2002 வரையான பதிப்புகளின் பிஎஸ்டி 2 ஜிபியைத் தாண்டினால் பழுதாகும். 2010 முதல் வழமையான எல்லை 50 ஜிபி. பிஎஸ்டிக்கு இடும் கடவுச்சொல் பெயருக்குத்தான் பூட்டு, அதை உடைக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 உடன் வரும் புதிய அவுட்லுக், பிஎஸ்டியைப் பழைய அவுட்லுக் அளவுக்கு முழுமையாகக் கையாள்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இனித் தொடங்குவோருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தண்டர்பேர்ட், அவுட்லுக், ஜீமெயில் எல்லாம் கலந்து கிடக்கும் வீடுகளுக்கு, தனிப்பட்ட பாவனைக்கு இலவசமான மெயில்ஸ்டோர் ஹோம் என்ற விண்டோஸ் மென்பொருள் பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்துத் தேடவும் மீண்டும் ஏற்றுமதி செய்யவும் விடுகிறது. ஒரே ஒரு கணக்கு உள்ளவருக்கு இது தேவைக்கு மிஞ்சிய ஏற்பாடு.

எதில் சுமப்பது, எங்கே வைப்பது

பெரியப்பா வீட்டில் புரொஃபைலைப் பெயர்க்கத் தீர்மானித்தபின் முதல் முயற்சி தோற்றது. 32 ஜிபி பென் டிரைவில் இடம் தாராளமாக இருந்தும், 6 ஜிபி இன்பொக்ஸ் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு முறையில் இருந்ததே காரணம்; அதில் தனியொரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபோர்மட் செய்தபின் தடையின்றி ஏறியது. இரண்டு கணினிகளையும் நெட்வர்க் கேபிளால் நேரே இணைத்துப் பகிர்வதும் நல்ல வழிதான். 100 மெகாபிட் இணைப்பில் 6 ஜிபி பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் மேலதிகப் பிரதி எதுவும் மிஞ்சாது. பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ சுமந்தால், பெயர்த்து முடிந்த பிறகும் ஒரு பிரதி கையில் இருக்கும். வேகம் குறைந்தாலும் அதையே நான் விரும்புகிறேன்.

அந்தப் பிரதியை அதே அலுமாரியில் வைப்பதால் மின்னலுக்கோ வெள்ளத்துக்கோ தப்ப முடியாது. 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உறுதிகளும் சான்றிதழ்களும் எப்படிப் போயின என்பதை மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எனவே வெளி வன்தட்டு வாவியைக் கடந்து, மறுகரையில் கொக்கட்டிச்சோலையிலுள்ள சித்தி வீட்டுக்குப் போனது. 1978 நவம்பர்ச் சூறாவளி போல இரு கரைகளையும் ஒன்றாக அடிக்கும் நாளும் வரலாம் என்பதால், காணி உறுதியும் சான்றிதழ்களும் உள்ள கோப்புறையை மட்டும் ஐமேப் பாலத்தின் வழியே ஜீமெயிலுக்கும் ஏற்றினேன். அது 300 எம்பிதான். ஒரே மாலையில் முடிந்தது.

எல்லாம் ஏறியதும் பெரியப்பா கேட்ட முதற் கேள்வி, "மகளுட கடிதம் எல்லாம் வந்திருக்கா எண்டு முதல்ல பாரு மகன்" என்பதுதான். ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள மடல் எண்ணிக்கையை இரு கணினிகளிலும் ஒப்பிட்டேன். 2008ஆம் ஆண்டின் மடல்கள் சிலவற்றை இணைப்புகளோடு திறந்து பார்த்தேன். பிறகு பழைய கணினியில் தானாக மடல் இறக்கும் அமைப்பை நிறுத்தினேன். பொப்3 கணக்கில் இரண்டு கணினிகளும் ஒன்றாக ஓடினால், முதலில் இறக்கும் கணினிக்கே புதிய மடல் சேரும், மற்றதற்குக் கிடைக்காமலே போகக்கூடும். பழைய கணினி இந்த மாரி முடியும்வரை அழிக்கப்படாமல், மின்னிணைப்புக் கழற்றப்பட்டு, உயரமான தட்டொன்றில் இருக்கிறது.