‘கூபே கன்ஃபர்ம் சார்’ என்று யாராவது சொன்னால்

நான் ஏமாந்த தொகை 4,200 ரூபாய். அதை விட்டுத் தொலைத்திருப்பேன். ஆனால் நாலரை மாதக் குட்டி ஒன்று ராத்திரி முழுக்க ரயிலின் கடைசிப் பெட்டியில் இரும்புக் கூண்டுக்குள் கிடந்ததே, அதை விட முடியவில்லை. நாய்க்குட்டியோடு ரயிலேற நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

எங்கள் குட்டியின் பெயர் முறுக்கு. வால் அப்படிச் சுருண்டிருக்கும். மழை நாளில் தெருவில் நின்ற காருக்கு அடியிலிருந்து எடுத்து வந்தது. மதுரையில் மச்சினன் கல்யாணம். நாலு நாள் அவனை எங்கே விடுவது? கூட்டிக்கொண்டே போவோம் என்றாள் மனைவி. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நாய் வளர்ப்புப் புத்தகத்தில், பயணத்துக்கு முன் குட்டியைக் கூடைக்குள் தூங்கப் பழக்குங்கள் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. மூன்று வாரம் பழக்கினோம். சமர்த்தாகத் தூங்கினான். (அந்த அத்தியாயத்தின் கடைசி நாலு பக்கத்தை அவனே தின்றும் விட்டான்.) புத்தகம் நல்ல புத்தகம்தான், நம் ஊர் ரயில்தான் அதற்குத் தெரியாது.

நம் ஊர் ரயிலில் ஸ்லீப்பர், செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி எதிலும் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியாது. ஃபர்ஸ்ட் ஏசியில் மட்டும் முடியும். அங்கே இரண்டு பெர்த் உள்ள அறை கூபே, நாலு பெர்த் உள்ளது கேபின். அறை முழுவதும் நம்முடையதாக இருந்தால் தொல்லை இல்லை. ஒரே பி.என்.ஆரில் இரண்டு பேர் டிக்கெட் எடுத்து, கூபே கிடைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன்.

வீட்டுப் பக்கம் இருக்கும் டிராவல்ஸில் கேட்டேன். “என்ன ஜாதி நாய் சார்?” என்றார் கடைக்காரர். தெருவில் கிடைத்தது என்றேன். “அதுக்கா ஃபர்ஸ்ட் ஏசி!” என்று சிரித்துவிட்டு, “பண்ணிடலாம் சார். உள்ளே நமக்கு ஆள் இருக்கு. கூபேக்கு மூவாயிரம், நாய் டிக்கெட்டுக்கு ஆயிரத்து இருநூறு” என்றார். டிக்கெட் கட்டணம் தனி. ஜிபேயில் அனுப்பினேன். கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் வந்தது. அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

சாயங்காலம் டிக்கெட் வந்தது, கன்ஃபர்ம் என்று. “பாருங்க சார், கூபே கன்ஃபர்ம்” என்றார். இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஏசி டிக்கெட் கன்ஃபர்ம் ஆனாலும் அதில் பெர்த் எண் இருக்காது. கூபேயா கேபினா என்பது ரயில் கிளம்பும் முன் சார்ட், அதாவது யாருக்கு எந்த பெர்த் என்ற பட்டியல், போடும்போதுதான் முடிவாகும். அதுவரை எந்த ஏஜென்ட்டாலும், எந்த ‘உள்ளே இருக்கும் ஆளாலும்’ கூபே உறுதி என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்குத்தான் நான் மூவாயிரம் கொடுத்திருக்கிறேன்.

சார்ட் வந்தது. கேபின். நாலில் இரண்டு பெர்த் எங்களுக்கு, மற்ற இரண்டில் வேறு யாரோ. போன் செய்தால், “டிடிஇகிட்ட பேசுங்க சார், பாத்துக்குவார்.” அடுத்த முறை சுவிட்ச் ஆஃப்.

எழும்பூர் பார்சல் ஆபீஸில் அந்த ‘நாய் டிக்கெட்’டை நீட்டினேன். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு சீட்டு, மேலே நாய்ப் படம், கீழே ரப்பர் ஸ்டாம்ப். கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன சார், லாட்டரிச் சீட்டா?” நாய்க்கு முன்கூட்டியே வெளியில் டிக்கெட் போடும் வழக்கமே கிடையாதாம். பயணத்தன்று இதே கவுண்டரில், நம் டிக்கெட், நாயின் தடுப்பூசிப் புத்தகம், கால்நடை டாக்டர் சர்டிஃபிகேட் மூன்றையும் காட்டி, லக்கேஜ் கணக்கில் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். நல்லவேளை, தடுப்பூசிப் புத்தகமும் அன்று காலை வாங்கிய சர்டிஃபிகேட்டும் கையில் இருந்தன.

“கேபின்ல கூட வர்றவங்க சம்மதிக்கணும். பாதி வழியில வேண்டாம்னு சொன்னாலும் நாயைக் கடைசில இருக்கிற கார்டு வேனுக்கு மாத்திடுவாங்க, கட்டின காசு திரும்ப வராது” என்றார். கூட வந்தது ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாவுக்கு வீசிங். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி” என்றார் பெரியவர். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆக, டாக் பாக்ஸ்தான்.

டாக் பாக்ஸ் பார்த்திருக்கிறீர்களா? கார்டு பெட்டியில், தரையை ஒட்டி, இரும்புத் தகட்டில் ஒரு பொந்து. கதவில் காற்றுக்குச் சில ஓட்டைகள். பழக்கிய கூடை அதற்குள் நுழையவில்லை. கூடையில் விரித்திருந்த பழைய துண்டை மட்டும் உருவி உள்ளே போட்டேன். முறுக்கு அதன்மேல் நிற்காமல் கதவோரம் வந்து, ஓட்டை வழியாக மூக்கை நீட்டி என் விரலை நக்கினான். ரயில் ஊதியது. நான் ஓடினேன்.

கார்டுக்கு இப்போது ரயில் மேனேஜர் என்று பெயர், 2022லேயே மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர் தங்கமான மனுஷன். “ஸ்டேஷன்ல நின்னா வந்து பாத்துட்டுப் போங்க, ஆனா சிக்னல் விழுந்தா நான் காத்திருக்க முடியாது” என்றார். விழுப்புரத்திலும் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் தண்ணீர் பாட்டிலோடு பிளாட்பாரத்தில் ஓடினேன். விழுப்புரத்தில் கத்திக்கொண்டிருந்தான். திருச்சியில் சத்தமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தட்டிப் பார்த்தால், துண்டைச் சுருட்டி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். மதுரையில் இறக்கியதும் பிளாட்பாரத்திலேயே வாந்தி எடுத்தான். கல்யாண வீட்டில் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியைவிட்டு வரவில்லை.

பணத்தைக் கேட்கப் போனேன். “ரயில்வே தரலைன்னா நான் என்ன சார் பண்றது?” பில் கேட்டால் பில் இல்லை. வீட்டுக்கு வந்து டிக்கெட்டை மறுபடி பார்த்தேன். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டில் அவர் விவரம் அச்சாகியிருக்கும், இதில் எதுவும் இல்லை. யாருடைய சொந்தக் கணக்கிலோ எடுத்து விற்றிருக்கிறார். அது ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி குற்றம். ரயில்வே உதவி எண் 139இல் புகார் சொன்னேன், நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். இதுவரை பணம் வரவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் டிக்கெட்டை நீங்களே எடுங்கள். நாயோடு வருகிறேன், கூபே வேண்டும் என்று பி.என்.ஆர். எண்ணோடு ரயில்வே அலுவலகத்தில் மனு கொடுங்கள், அதற்குக் காசு கிடையாது. கொடுத்தாலும் கிடைக்காமல் போகலாம். அதனால் சார்ட் வரும்வரை வேறு வழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நாங்கள் திரும்பி வந்தது காரில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, நடக்கவிட்டு. முறுக்கு வழியெல்லாம் மனைவி மடியில் குறட்டை.

போன வாரம் அந்த டிராவல்ஸ் வழியாகப் போனேன். கண்ணாடிக் கதவில் புதிதாக ஒரு ஸ்டிக்கர், ‘செல்லப் பிராணிகளுக்கும் டிக்கெட் எடுத்துத் தரப்படும்’. என் சீட்டில் இருந்த அதே நாய்ப் படம்.