வரைபடக் கால்குலேட்டரைக் கணினியோடு இணைக்க எது வசதி: டிஐயா, கேசியோவா, நம்வொர்க்ஸா?

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் வரைபடக் கால்குலேட்டருக்கு (சமன்பாடுகளைத் திரையில் கோடுகளாக வரைந்து காட்டும் கால்குலேட்டர்) இடமில்லை என்பதால், அதைக் கணினியோடு இணைப்பது பற்றிய பேச்சும் இங்கே அதிகம் எழுவதில்லை. புதுச்சேரியில் மட்டும் நிலைமை சற்று வேறு. பிரெஞ்சு லிசேயில் (பிரெஞ்சுப் பாடத்திட்ட மேல்நிலைப் பள்ளி) படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதத்தோடு பைத்தான் என்ற நிரல்மொழியும் பாடம். ஆகவே வீட்டில் எழுதிய நிரலைக் கால்குலேட்டருக்குள் ஏற்றும் தேவை அவர்களுக்கு உண்டு. அந்த ஒரு வேலையை அளவுகோலாகக் கொண்டே இங்கே ஒப்பிடுகிறேன்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) 2015இல் கொண்டுவந்த டிஐ-84 பிளஸ் சிஇ, பிரான்சில் விற்கும் டிஐ-83 பிரீமியம் சிஇ ஆகிய இரண்டும் கணினியோடு தமக்கே உரிய நெறிமுறையில் பேசுபவை. விண்டோஸிலோ மேக்கிலோ 'டிஐ கனெக்ட் சிஇ' மென்பொருளை நிறுவிய பிறகே கோப்பு நகரும். பைத்தான் வசதியுள்ள பதிப்புகளில் நிரல் அப்படியே போகாமல் கால்குலேட்டருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றப்பட்டே உள்ளே போகிறது. லினக்ஸுக்கு நிறுவனத்தின் மென்பொருள் கிடையாது. தன்னார்வலர்கள் எழுதிய 'டில்ப்' என்ற மென்பொருள் கைகொடுக்கும். கால்குலேட்டர் திரையைக் கணினியில் படமாகப் பிடிக்க முடிவதும், அதே கேபிளில் பேட்டரி சார்ஜ் ஆவதும் இதன் பலங்கள்.

கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 (பிரான்சில் கிராஃப் 90+இ) 2017இல் வந்தது. கேபிளைச் செருகியதும் கால்குலேட்டர் திரையில் ஒரு பட்டியல் வரும். எஃப்1 விசையை அழுத்தினால் அது கணினிக்கு ஒரு பென் டிரைவாகத் தெரியும். நிரல் கோப்பை நகலெடுத்து ஒட்டி, முறைப்படி 'எஜெக்ட்' செய்துவிட்டுக் கேபிளைக் கழற்றினால் வேலை முடிந்தது. மென்பொருள் நிறுவ அனுமதி தராத பள்ளிக் கணினியிலும் பிரௌசிங் சென்டரிலும் இந்த எளிமையின் அருமை தெரியும். சார்ஜ் ஏறாது, நான்கு ட்ரிபிள்-ஏ பேட்டரி போட வேண்டும் என்பது ஒரு குறைதான். செகண்ட் ஹேண்டில் எஃப்எக்ஸ்-9860ஜிஐஐ வாங்குவோர், அது பென் டிரைவாகத் தோன்றாது, தனி மென்பொருள் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்சிலிருந்து 2017இல் வந்த நம்வொர்க்ஸ் பிரௌசர் வழியாக இணைகிறது. குரோமிலும் எட்ஜிலும் உள்ள, இணையதளமே யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேச உதவும் வெப்யூஎஸ்பி வசதியால், அதன் தளத்திலேயே நிரலை எழுதி நேரே கால்குலேட்டருக்கு அனுப்பலாம். ஃபயர்ஃபாக்ஸில் இது நடக்காது. இணையம் நின்றால் வேலையும் நிற்கும்.

நிரல் ஏற்றுவது மட்டுமே நோக்கம் என்றால் என் தேர்வு கேசியோ. வீட்டில் தடையில்லாத இணையம் இருந்தால் நம்வொர்க்ஸ். ஆசிரியர் வகுப்பில் டிஐயையே காட்டிப் பாடம் நடத்துகிறார் என்றால், அந்த மென்பொருளை நிறுவும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எதை வாங்கினாலும் கேபிளில் கவனம் தேவை. டிஐக்கும் கேசியோவுக்கும் வேண்டியது மினி யூஎஸ்பி. இன்றைய போன் சார்ஜர் கேபிள் அதில் நுழையாது. நேரு வீதிக் கடைகளில் கேட்கும்போது 'டேட்டா கேபிள்' என்றே கேளுங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், அவற்றைச் செருகினால் கணினி கால்குலேட்டரைக் கண்டுகொள்ளவே செய்யாது.